அத்தையின் விஷமூங்கிலைப் பெயர்த்து நட்டபோது

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் எங்கள் பக்கம் கரையேறியது. எங்களுடையது வேதாரண்யத்தை ஒட்டிய ஒரு கிராமம். மணல் கலந்த மண். தென்னையும் மாவும் முல்லைக் கொல்லையும்தான் பிழைப்பு. பொழுது விடிந்து கதவைத் திறந்தபோது கொல்லையில் நின்ற பதினேழு தென்னைகளில் பதினொன்று படுத்துக் கிடந்தன. அதில் ஒன்று கிணற்றடி விஷமூங்கில் புதர்மேல் நேராக விழுந்திருந்தது.

பெயரில்தான் மூங்கில்; உண்மையில் அது வெள்ளைப்பூ பூக்கிற கிழங்குச் செடி. அந்தப் புதர் என் மாமியார் வைத்தது. நான் கல்யாணமாகி வந்தபோதே இடுப்புயரம் நின்றது. குளிக்கிற தண்ணீரும் துணி துவைக்கிற தண்ணீரும் வாய்க்காலாக ஓடிப் போய்ச் சுவறுகிற இடம். யாரும் அதற்கென்று எரு வைத்ததில்லை. வருஷத்தில் நாலைந்து தடவை தண்டு விடும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மொட்டு அவிழ ஆரம்பித்து, இரவு சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போது கிணற்றடி முழுக்க வாசம் நிற்கும். ஒல்லியான ஆறு வெள்ளை இதழ்கள் பின்னால் சுருண்டு, நடுவில் ஊதா கலந்த சிவப்பில் மகரந்தக் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு தண்டில் இருபது மொட்டுக்குக் குறையாது. எல்லாம் ஒரே நாளில் மலராமல் தினமும் நாலு, ஐந்து என்று ஒரு வாரத்துக்கு மேல் வரும்.

நர்சரியில் இதைக் கிரைனம் லில்லி என்பார்கள். ஸ்பைடர் லில்லி என்று கேட்டால் பெரும்பாலும் வேறொரு செடியைக் கொடுத்துவிடுவார்கள். பூவின் நடுவில் இதழ்களுக்கு மேல் கிண்ணம்போல ஒரு வெள்ளைச் சவ்வு இருந்தால் அது கிரைனம் இல்லை. வாங்கும் முன் பூவைப் பார்த்து வாங்குவது நல்லது. கிரைனம் என்பது லில்லிக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். 1753-ல் லின்னேயஸ் கிரைனம் ஏசியாட்டிகம் என்று பெயரிட்டது இந்த விஷமூங்கிலுக்குத்தான். பெயர்தான் லில்லியே தவிர, இதன் குடும்பம் அமரில்லிடேசியே. வெங்காயமும் பூண்டும்கூட அந்தக் குடும்பத்தில்தான் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

புயலுக்குப் பிறகு மரம் அறுக்க ஆள் கிடைக்கவே பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஊரெல்லாம் மரம் கிடந்தது; விஷமூங்கில் எங்கள் கடைசிக் கவலை. தென்னையை உருட்டி எடுத்தபோது அடியில் கூழாகிப்போன இலைகளும் நசுங்கிய தண்டுகளும்தான் இருந்தன. வேலி விழுந்து கிடந்ததால் தெருவிலுள்ள ஆடெல்லாம் கொல்லைக்குள் வந்து, மிச்சமிருந்த பச்சையை மேய்ந்தன. தை பிறந்து போய்ப் பார்த்தேன். நசுங்கிய தண்டுகளின் நடுவிலிருந்து குருத்து சுருட்டின பாய்போல மேலே வந்திருந்தது. பக்கத்தில் இருந்த செம்பருத்தியை மொட்டையடித்த ஆடுகள் அதில் ஒரு வாய்கூட வைக்கவில்லை. அந்த வருஷம் ஆனியில் ஒரு தண்டு பூத்தும் விட்டது. புயலுக்குப் பிறகு எங்கள் கொல்லையில் முதலில் பூத்தது அதுதான். அன்றைக்கு அத்தை ஒரு பூவைப் பறித்துச் சாமி படத்துக்கு வைத்தார்கள். விஷமூங்கில் பூவை அவர்கள் சாமிக்கு வைத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இவ்வளவும் சொல்வது, அப்படிப்பட்ட செடியை நானே சாகடித்ததைச் சொல்லத்தான்.

ஓட்டு வீடு இனித் தாங்காது என்று 2019-ல் புதுவீடு கட்ட முடிவாயிற்று. கிணற்றடிப் புதர் இருந்த இடம்தான் புதுவீட்டுக்கு ஈசானிய மூலை. ஐப்பசியில் வந்த வாஸ்து நாளில் பூமி பூஜை. முதல்நாள் சாயங்காலம் கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, “இந்த மூலைய மட்டும் சுத்தம் பண்ணிடுங்கம்மா, மத்தத மழ விட்டப்புறம் பாத்துக்கலாம்” என்றார். புதரில் பன்னிரண்டு பெரிய செடிகள் இருந்தன. மூலையில் நின்ற மூன்றை மட்டும் எடுத்தால் போதும்.

இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் மண்வெட்டியால் அடியிலேயே ஓங்கிக் கொத்தினேன். ஒன்று குறுக்கே வெட்டுப்பட்டது. மற்ற இரண்டையும் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். பாதி வேர் மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிட்டது. இலைகளை வெட்டாமல் மூன்றையும் கொண்டுபோய்க் கொல்லைக் கடைசியில், தாழ்வான இடத்தில், காற்றுக்குச் சாயாமல் இருக்கட்டும் என்று முழங்கை ஆழத்துக்குக் கழுத்துவரை புதைத்து மண்ணை மிதித்துவிட்டேன். அடுத்த வாரம் மழை பிடித்தது. நட்ட இடத்தில் கணுக்கால் தண்ணீர். கார்த்திகை பாதியில் இலைகள் ஒவ்வொன்றாகக் கழுத்தோடு கழன்று வந்தன. தோண்டிப் பார்த்தால் கிழங்கு பழுப்பாகி அழுகல் நாற்றம் அடித்தது. மூன்றும் போயிற்று.

ஈரத்திலேயே வளரும் செடி தண்ணீரில் ஏன் அழுகியது என்பது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. கிணற்றடியில் நின்றபோது அதற்கு முழு வேர் இருந்தது, கிழங்கில் காயமில்லை. நான் நட்டபோது வெட்டுக்காயம் ஆறாமல், உறிஞ்ச வேர் இல்லாமல், மூச்சுவிட இடமில்லாமல் நின்றது. வேர் பிடித்த விஷமூங்கில் வெள்ளத்தில் நின்றாலும் பிழைக்கும். கடற்கரையோரங்களிலேயே தானாக வளர்கிற செடி அது. வேர் அறுந்ததை மழைமாதத்தில் நடக்கூடாது. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் இந்த வேலைக்கு ஆகாது. மழை நின்று, மண் உதிரும் பதத்தில் இருக்கிற தை கடைசியும் மாசியும்தான் ஏற்ற காலம். ஆனி, ஆடியிலும் செய்யலாம், ஆனால் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்க வேண்டும்.

மீதி ஒன்பது செடிகளை 2020 மாசியில் எடுத்தோம். இந்தத் தடவை தென்னங்கன்று பெயர்க்கும் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டேன். முதல்நாளே புதரைச் சுற்றி நிறையத் தண்ணீர் விடச் சொன்னார். மறுநாள் நான் வழக்கம்போலக் கழுத்தில் கைவைத்ததும், “செடியப் புடிச்சு இழுக்காதீங்க அக்கா. சுத்தி மண்ண எடுத்துட்டா அதுவா சாயும்” என்றார்.

புதரின் விளிம்பிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, சுற்றிலும் வாய்க்கால்போலத் தோண்டினார். இரண்டடி ஆழம் போன பிறகுதான் உள்பக்கமாகக் கடப்பாரையைச் செலுத்தினார். நெம்பவில்லை; குத்திக் குத்தி மண்ணை மட்டும் உதிர்த்தார். அப்போதுதான் அந்தச் செடியின் வேரை முதன்முதலாக முழுசாகப் பார்த்தேன். சுண்டுவிரல் மொத்தம், வெள்ளை, கயிறு கயிறாக நாலு பக்கமும் ஓடியிருந்தது. உள்ளே நீர் கோத்து, நகம் பட்டாலே ஒடிகிற மாதிரி இருந்தது. வேனலில் தண்ணீர் இல்லாத மாதங்களுக்கு இந்தச் செடி சேமித்து வைப்பது கிழங்கில் மட்டுமில்லை, இந்த வேரிலும்தான். அதை அறுத்து எறிந்துவிட்டு நட்டால் கிழங்கு புதுவேர் விட்டு மறுபடி சேமித்த பிறகுதான் பூவைப் பற்றி நினைக்கும். வேர் எவ்வளவு முழுசாக வருகிறதோ அவ்வளவு சீக்கிரம் பூ.

கட்டி சாய்ந்ததும் சாக்கை அடியில் விரித்து, மூன்று பேர் சேர்ந்து கிணற்று மேடைக்கு இழுத்துக்கொண்டு போனோம். பிரிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்தோம், அதுதான் பாதி வேலையைக் குறைத்தது: குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி மண்ணை முழுக்கக் கழுவினோம். மண் போன பிறகு எந்தக் கன்று எந்தத் தாயோடு ஒட்டியிருக்கிறது, எங்கே கத்தி வைக்க வேண்டும் என்பது கண்ணுக்கே தெரிந்தது. சில கன்றுகள் கையால் அசைத்தாலே பிரிந்துவிட்டன. தாயின் அடித்தட்டோடு, அதாவது வேர் கிளம்பும் கிழங்கின் அடிப்பாகத்தோடு, இறுகியிருந்தவற்றை மட்டும் கத்தியால் அறுத்தோம். கன்றுக்கென்று சொந்த வேர் நாலைந்தாவது இருக்க வேண்டும், கழுத்து மணிக்கட்டு மொத்தமாவது இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். அதற்குக் கீழே இருந்தவற்றைப் பிரிக்காமல் தாயோடேயே விட்டோம். ஆசைக்கு இரண்டு சின்னக் கன்றை அறுத்து வைத்தேன். அவை பிழைத்தன, ஆனால் நான்கு வருஷமாகியும் பூக்கவில்லை. தாயோடு விட்டிருந்தால் அந்தக் காலத்தில் பூத்தே இருக்கும்.

ஒன்பது தாய்ச்செடி, பதினாலு கன்று. வெளி இலைகளைக் கழித்து, மீதியைப் பாதி நீளத்துக்கு வெட்டினோம். வேர் குறைந்த செடியால் மூன்றடி இலை அத்தனைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. நடுக்குருத்தை மட்டும் தொடவில்லை. அறுத்த இடங்களில் அடுப்புச் சாம்பலைத் தடவி, மாட்டுக்கொட்டகை நிழலில் மூன்று நாள் போட்டுவைத்தோம். காயம் காய்ந்து தோல்கட்டும்வரை பொறுக்க வேண்டும். மூன்று நாளில் செடி வாடிப்போகுமே என்ற பயம் எனக்கு இருந்தது. இந்தக் கிழங்கு நிழலில் இரண்டு மூன்று வாரம் கிடந்தாலும் சாகாது என்பதைப் பிறகு தஞ்சாவூருக்குச் சாக்கில் கட்டி அனுப்பிய ஒன்றிலிருந்து தெரிந்துகொண்டேன். அங்கே அவர்கள் நட மறந்து, இருபது நாள் கழித்து நட்டார்கள், வந்துவிட்டது.

இந்த வேலைக்குக் கையுறை வேண்டும். சாறு பட்டால் எனக்கு முழங்கை வரை அரிக்கும். பெயரிலேயே விஷம் இருக்கிறது; லைகோரின் முதலான ஆல்கலாய்டுகள் செடி முழுக்க உண்டு, கிழங்கில் அதிகம். தின்றால் கடும் வாந்தி வரும். உரித்த கிழங்கு பெரிய வெங்காயம்போலவே இருப்பதால் வேலை முடியும்வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடவில்லை, கழிவைக் குப்பைக்குழியில் புதைத்தேன். அத்தை மட்டும் வெட்டிப்போட்ட இலைகளில் நாலைந்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள். விளக்கெண்ணெய் தடவி வாட்டி முழங்கால் வீக்கத்துக்குக் கட்டுவது அவர்கள் பழக்கம். மேலுக்குக் கட்டுவதோடு சரி. இந்தச் செடியில் எதையும் உள்ளுக்குச் சாப்பிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நடும் இடத்தைத் தேர்ந்ததில் அத்தை சொன்னதுதான் நடந்தது. “பாதி வெயில் போதும்மா, மாமர நெழலு வேணாம்” என்றார்கள். மேடான இடத்தில், காலை வெயில் விழும்படி, நாலடிக்கு ஒன்றாகக் குழி. அடியில் ஒரு கூடை மக்கின சாணி எருவும் மண்ணும். விஷமூங்கிலுக்குக் கிழங்கு உருண்டையாக இருக்காது. நீண்டு, தண்டுபோல மேலே எழும்பும். அந்தக் கழுத்து பூமிக்கு மேலேதான் நிற்க வேண்டும். முன்பு எந்த மட்டத்தில் நின்றதோ, அந்த வெளுப்பும் பச்சையும் சேரும் கோடே அளவு. சாயாமல் இருக்க ஆழமாகப் புதைப்பதற்குப் பதில் இரண்டு மூங்கில் குச்சியைக் குறுக்காக ஊன்றிக் கட்டினோம். வேர் பிடிக்க இரண்டு மாதம் ஆகும். அதற்குப் பிறகு குச்சி வேண்டாம்.

முதல் தண்ணீர் நிறைய. அப்புறம் மேல்மண் காய்ந்தபிறகு மட்டும். நட்ட இரண்டாம் வாரம் இருந்த இலைகளெல்லாம் மஞ்சளாகித் தொங்கின. ஐப்பசியில் நட்டவை செத்ததுபோலவே ஆகிறது என்று எனக்குத் தூக்கமே இல்லை. தினமும் காலையில் போய்க் கழுத்தை விரலால் அழுத்திப் பார்ப்பேன். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. மெத்தென்று அமுங்கினால் அழுகல். ஒன்றே ஒன்றுதான் அமுங்கியது. அதைப் பிடுங்கி, அழுகின அடுக்குகளைச் சீவி வெள்ளைச்சதை வரும்வரை வெட்டி, சாம்பல் தடவி ஒரு வாரம் காயவைத்து மறுபடி நட்டேன். பிழைத்துக்கொண்டது. பங்குனியில் ஊரடங்கு வந்து வீட்டுவேலை நின்றுபோனது. எனக்குச் செடிகளோடு இருக்க நேரம் கிடைத்தது. சித்திரையில் ஒவ்வொன்றாகக் குருத்து நீண்டது.

அந்த வருஷம் ஒன்றும் பூக்கவில்லை. 2021 ஆனியில் இரண்டு தாய்ச்செடி பூத்தன. 2022-ல் ஒன்பதும். இடைப்பட்ட காலத்தில் பூக்கவில்லையே என்று மறுபடி இடம் மாற்றியவர்களை எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். புதர் நெருக்கமாக இருப்பது இந்தச் செடிக்கு நோய் அல்ல. இடம் வேண்டும், யாருக்காவது கன்று கொடுக்க வேண்டும், அல்லது நடுவில் இருப்பவை பூப்பதை நிறுத்திவிட்டன என்றால் மட்டும் பிரியுங்கள். கன்று மட்டும் போதுமென்றால் புதரை எடுக்கவே வேண்டாம். ஓரத்துக் கன்றின் பக்கம் மண்ணை விலக்கி, அதை மட்டும் அறுத்தெடுத்துக் குழியை மூடிவிடலாம். தாய்க்குத் தெரியவே தெரியாது. தொட்டியில் வைப்பதானால் அகலமான சிமெண்டுத் தொட்டியாக இருக்கட்டும். என் தங்கை மண்தொட்டியில் வைத்ததை இரண்டாம் வருஷமே வேர் உடைத்துவிட்டது.

தஞ்சாவூர்க்காரர்கள் பதிலுக்கு அனுப்பியது வேறு வகை. வெள்ளை இதழில் நடுவே ஒயின் நிறக் கோடு ஓடும்; மில்க் அண்ட் ஒயின் லில்லி என்று நர்சரியில் விற்பார்கள். இதன் கிழங்கு உருண்டை, பெரிய சாத்துக்குடி அளவு. விஷமூங்கில்போல வெளியே தண்டு எழும்பாது. இதைக் கழுத்து மட்டும் தெரியும்படி கிழங்கு முழுவதும் மண்ணுக்குள் வைத்தேன். மூன்று வருஷம் கழித்து ஒன்றைத் தோண்டினால், வைத்த ஆழத்தைவிட ஒரு சாண் கீழே இருந்தது. இதன் பழைய வேர்கள் சுருங்கிச் சுருங்கிக் கிழங்கைக் கீழே இழுக்கும். வேரில் வளையம் வளையமாகச் சுருக்கம் இருப்பதைப் பார்த்தாலே தெரியும். ஆகவே இந்த வகையைத் தோண்டும்போது கிழங்கு இருக்குமென்று நினைக்கும் இடத்துக்கு இன்னும் ஓரடி கீழே போக வேண்டும். இல்லாவிட்டால் மண்வெட்டி நேராகக் கிழங்கின் நடுவில்தான் விழும். வேனலில் இலை காய்ந்து கிடக்கும். செத்ததாக நினைத்துவிட வேண்டாம், கோடைமழை ஒன்று பெய்தால் தண்டோடு வரும்.

புழுவைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். 2022 ஆவணியில் நாலு நாள் திருவாரூர் போய்விட்டு வந்தேன். மூன்று செடிகளின் இலைகள் கண்ணாடித்தாள்போல வெளுத்துத் தொங்கின. இலையைக் கிழித்தால் மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் நடுவே கறுப்பு உடம்பில் மஞ்சள் வெள்ளைப் புள்ளியோடு புழுக்கள். அந்துப்பூச்சி இலைக்கு அடியில் கும்பலாக முட்டை வைக்கும். பொரித்த குஞ்சுப்புழு இலைக்குள் புகுந்து சதையைத் தின்றபடி கீழே இறங்கும். கழுத்து வழியாகக் கிழங்குக்குள் போய்விட்டால் மருந்து எட்டாது. நான் செய்தது: வெளுத்த இலையெல்லாவற்றையும் அடியோடு வெட்டிச் சோப்புத் தண்ணீரில் அமுக்கினேன். இரண்டு இரவு டார்ச் வைத்துக்கொண்டு வெளியே இருந்தவற்றைப் பொறுக்கினேன். பிறகு லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, இலையின் அடிப்பக்கமும் கழுத்து இடுக்கும் நனையும்படி வாரம் ஒருமுறை மூன்று தடவை அடித்தேன். ஒரு செடியில் புழு கிழங்குவரை போயிருந்தது. கழுத்தைக் குறுக்கே வெட்டிச் சுத்தமான சதை வரும்வரை இறங்கினேன். அது மறுபடி துளிர்க்க நாலு மாதம் ஆயிற்று. இப்போது மழைக்காலத்தில் வாரம் ஒருநாள் இலைகளைத் திருப்பிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. முட்டைக் கும்பலோடு அந்த இலைத்துண்டை மட்டும் கிள்ளினால் மற்ற எந்தப் பாடும் இல்லை.

விதையிலும் வளர்க்கலாம். பூ உதிர்ந்து காய் பிடித்தால் நெல்லிக்காய் முதல் எலுமிச்சை அளவு வரை பருக்கும். கனத்தில் தண்டு தானே தரையில் சாயும். உள்ளே இருக்கும் விதைக்கு வழக்கமான விதைத்தோல் கிடையாது. தக்கைபோன்ற ஒரு உறை மட்டும். கடல்நீரில் மிதந்து போய்க் கரை ஒதுங்கி முளைப்பது அந்தத் தக்கையால்தான். அதைக் காயவைத்துப் பத்திரப்படுத்தக்கூடாது. நான் ஜன்னல் திட்டில் மறந்து வைத்த இரண்டு விதைகள் மண்ணும் தண்ணீரும் இல்லாமலே முளைத்துக் கிடந்தன. ஈர மணலில் பாதி புதையும்படி வைத்தால் போதும், மூடவேண்டாம். பூக்க நாலைந்து வருஷம் ஆகும் என்பதால் கன்று கிடைக்காதவர்களுக்கே இந்த வழி.

கிணற்றடி மூலையில் இப்போது புதுவீட்டின் பின்வாசல் படி இருக்கிறது. சென்ற வருஷம் ஆடியில், படியின் சிமெண்டும் மண்ணும் சேருகிற இடுக்கில் ஒரு பச்சை நுனியைப் பார்த்தேன். அன்று மண்வெட்டியால் குறுக்கே வெட்டுப்பட்டதே, அதன் அடித்தட்டுத் துண்டு ஒன்று உள்ளேயே இருந்திருக்கிறது. அதை எடுத்துக் கொல்லையில் வைக்கட்டுமா என்று அத்தையைக் கேட்டேன். “அங்கயே இருந்துட்டுப் போவட்டும்மா, தண்ணிதான் வராது அதுக்கு” என்றார்கள். புது பாத்ரூம் தண்ணீர் குழாய் வழியாகக் குழிக்குப் போய்விடுகிறது. காலையில் அரிசி களைந்த தண்ணீரை இப்போது அங்கேதான் ஊற்றுகிறேன். நாலு இலை விட்டிருக்கிறது.